சத்தத்திலிருந்து எவ்வளவு தூரம்?

பட்டறைக்கு வண்டி வந்து சேர்வதற்கு முன்னாலேயே அதன் சத்தம் வந்துவிடும், வண்டிக்காரர் வாய்வழியாக. உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கும் ஒருவர் என் மேஜையைத் தட்டித் தாளம் போட்டே காட்டுவார். பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நாலு பேர் முன்னால் உதட்டைக் குவித்துக் ‘கிணுகிணு’ என்பார். கொஞ்சமும் கூச்சப்பட மாட்டார். ‘லொடலொட’ என்றால் ஒரு வழி, ‘டொக் டொக்’ என்றால் வேறு வழி, ‘கிணுகிணு’ என்றால் மூன்றாவது வழி. மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்த மூன்றாவது வகைதான் அதிகம் வரும். ஊரைத் தாண்டினால் கல்லாறு, கல்லாற்றைத் தாண்டினால் குன்னூர் வரைக்கும் மேடு. சமவெளியில் அடங்கிக் கிடந்ததெல்லாம் அந்த மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வாயைத் திறக்கும்.

சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு ஒரு கேள்வி விடாமல் கூடவே வரும். காதில் விழுந்த ஒன்றை வைத்துக்கொண்டு, கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம்? இது ஸ்பேனர் பிடிக்கிறவன் கேள்வி என்றுதான் நினைத்திருந்தேன். சாயங்காலம் பேப்பர் படிக்கப் பட்டறைக்கு வந்து உட்காரும் ஒரு தமிழ் வாத்தியார், பணி ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், இது மணிமேகலையில் இருக்கிற கேள்வி என்றார். மறுநாள் புத்தகத்தையே கொண்டுவந்தார்.

மணிமேகலை வஞ்சி நகரத்துக்கு மாதவன் வேடத்தில் போய், ஒவ்வொரு சமயக்காரரிடமும் ‘உங்கள் கொள்கை என்ன’ என்று கேட்கிறாள். முதலில் பேசுகிற ஆள் அளவைவாதி. கடவுள் யார், உலகம் எப்படி வந்தது என்று அவன் ஆரம்பிப்பதில்லை. ஒரு பொருளை அறிவதற்கு எத்தனை வழி, அதாவது எத்தனை அளவை, உண்டு என்று ஆரம்பிக்கிறான். அதில் ஒன்று கருதல், அதாவது அனுமானம். அதை மூன்றாகப் பிரித்து மூன்று உதாரணம் சொல்கிறான். காட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது, அங்கே யானை இருக்கிறது என்று அறிவது ஒன்று. ஆற்றில் வெள்ளம் வருகிறது, மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது இரண்டாவது. கறுத்த மேகத்தைப் பார்த்து, மழை வரப்போகிறது என்று சொல்வது மூன்றாவது.

இந்த மூன்றும் எங்கள் ஊருக்கென்றே எழுதியதுபோல இருக்கின்றன. கல்லாறு யானை போகும் வழித்தடம். இருட்டில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டால், பைக்கில் போகிறவன் அப்படியே நின்று விளக்கை அணைத்துவிடுவான். யாரும் அவனுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் ஆற்று வெள்ளம் இன்றைக்கு அவ்வளவு சுலபமில்லை. பவானியில் தண்ணீர் திடீரென்று ஏறும். மேலே ஒரு சொட்டு மழை பெய்திருக்காது. பில்லூர் அணையில் தண்ணீர் திறந்திருப்பார்கள். வானத்தைப் பார்த்துவிட்டு நம்பி ஆற்றில் இறங்கியவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். அளவைவாதி சொன்னது தப்பில்லை. அடையாளம் அதேதான், அதற்குப் பின்னால் இருக்கிற காரணம் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. என் தொழிலில் இந்தச் சங்கடம் தினமும் உண்டு.

வாத்தியாரின் சொந்தக் காரிலேயே அது வந்தது. சின்ன பெட்ரோல் கார், வயசான வண்டி, ஆனால் அதிகம் ஓடாதது. காய்கறிக் கடை, கோயில், பேத்தியின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான் அதன் உலகம். மாசத்துக்கு ஒருமுறை மகளைப் பார்க்கக் குன்னூர் போவார். அந்த மேட்டில்தான் சத்தம். பித்தளைச் சொம்புக்குள் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கினாற்போல என்றார். கோவையில் ஒரு பட்டறைக்காரர் பானட்டைக்கூடத் திறக்காமல், ‘பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்’ என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

அளவைவாதி, அளவைகளில் வரும் குற்றங்கள் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறான். அதில் ஐயம் ஒன்று: தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று முடிவுகட்ட முடியாமல் தவிப்பது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, தேராது தெளிதல்: ஆராய்ந்து பார்க்காமலே கட்டையை ஆள் என்று முடிவு செய்துவிடுவது. இரண்டையும் அவன் குற்றம் என்றே எண்ணுகிறான். எனக்கு இரண்டும் சமமாகத் தெரியவில்லை. ஐயத்தில் நிற்கிறவன் இன்னும் நடந்து போய்க் கட்டையைத் தொட்டுப் பார்ப்பான். மற்றவன் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவான், காலையில் பில் போடுவான்.

அதனால் வாத்தியாரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்லாறு தாண்டி முதல் வளைவு முடிந்ததும், மூன்றாவது கியரில், வேகம் குறைந்த நிலையில் அழுத்தி மிதித்தார். கிணுகிணு. ‘ஐயா, ரெண்டாவதுக்கு மாத்துங்க’ என்றேன். அதே வேகம், சத்தம் நின்றுவிட்டது. ஆக, சத்தம் வேகத்தோடு போகவில்லை, பாரத்தோடு போகிறது. பர்லியார் தாண்டி மேலே போகப் போக, மூன்றாவது கியரிலும் மங்கியது. இது இந்த மலை எனக்குக் கொடுத்திருக்கிற வசதி. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சிலிண்டருக்குள் போகிற காற்று குறைந்தால், அங்கே ஏறுகிற அழுத்தமும் குறையும். பேரிங் தேய்மானம் என்றால் மலை ஏறியதற்காக மறையாது.

பட்டறைக்குத் திரும்பியதும் மிச்சத்தைப் பார்த்தோம். இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டராகக் கட் பண்ணினோம். கனெக்டிங் ராடு பேரிங் ஆடினால், அந்த சிலிண்டரின் நெருப்பை நிறுத்தியதும் இடி குறையும். குறைகிற மாதிரி ஒன்றுமே இல்லை. நீள ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பிளாக்கில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தேன், கீழே சுத்தம். சைலன்சர் மேலிருக்கும் தகடு தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி கிணுகிணுக்கும், அதையும் கையால் ஆட்டிப் பார்த்தாயிற்று. பட்டறைப் பையன் மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தான். வெள்ளைப் பீங்கான் மூக்கில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள். பிளக் ஓட்டை வழியே சின்ன கேமராவை விட்டால், பிஸ்டன் தலையில் கரித்திட்டு. ஓரத்தில் தூளாக உதிர்கிற கரி, நடுவில் கல்லாகிவிட்ட கரி. இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்தப்படுகிற வண்டியில் இப்படிச் சேரும்.

உள்ளே நடப்பது இதுதான். பிளக் பொறி விட்டதும், நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்குள், மறுகோடியில் மிச்சமிருக்கிற பெட்ரோல் காற்று அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே ஒரேயடியாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அதிர்ச்சி சுவரில் மோதி, நொடிக்கு 6,000 முதல் 8,000 முறை வரை அதிர்கிறது. நாம் கேட்கிற கிணுகிணு அதுதான். பொறி வருவதற்கு முன்பே பற்றிக்கொள்வது வேறு வியாதி, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எதனால் பற்றியது? கரி இடத்தை அடைத்து அழுத்தத்தை ஏற்றியது. ரேடியேட்டர் துடுப்புகளில் சேறும் பூச்சியும் அடைத்துத் தண்ணீர் சூடு கூடியிருந்தது. ஊற்றியது 91 ஆக்டேன் சாதாரண பெட்ரோல். 95 போட்டுப் பார்த்தால் சத்தம் பாதியானது, போகவில்லை. போதாததற்கு, மேட்டில் மூன்றாவது கியரை விடாத பழக்கம். இந்த நாலில் எந்த ஒன்றை எடுத்தாலும் சத்தம் குறைகிறது. எந்த ஒன்று மட்டும் இருந்திருந்தாலும் அநேகமாகச் சத்தமே வந்திருக்காது.

வாத்தியாருக்கு இது பிடிக்கவில்லை. ‘நாலையும் காரணம்னு சொல்லாதே தம்பி. சித்தாந்தத்துல மூணு காரணம் உண்டு. பானைக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உன் நாலுல குயவன் யாரு?’

‘குயவன் இல்லைங்கய்யா. யாரும் இந்தச் சத்தத்தைப் பண்ணணும்னு நினைக்கல.’

கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘கியர் மாத்தாத நான்தான் போல’ என்றார். அதற்கு மேல் அன்றைக்கு வாதாடவில்லை.

வேலை சாதாரணமானது. பிளக் ஓட்டை வழியே கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு உறிஞ்சி எடுத்தோம். ஆயில் மாற்றினோம். ரேடியேட்டரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவி, தெர்மோஸ்டாட் புதிது போட்டோம். அந்த இன்ஜினுக்குச் சொன்ன வெப்ப எண்ணிலேயே பிளக் மாற்றினோம். சத்தம் போயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது, சத்தத்தைப் போக்க இதைவிடச் சுலபமான வழி எப்போதும் இருந்தது என்பதுதான். அம்பாசிடர் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, கையாலேயே ஒரு சுண்டு திருப்பி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். பொறி தாமதமாக வரும், கிணுகிணு நின்றுவிடும். வண்டிக்கு இழுவை போகும், மைலேஜ் போகும், சூடு ஏறும். ஆனால் வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே காசு கொடுப்பார். உலகமே இப்படி ஒரு வேலையை மிகப் பெரிய அளவில் செய்திருக்கிறது.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் காருக்கு பேட்டரி இக்னிஷனும் செல்ஃப் ஸ்டார்ட்டரும் கொடுத்தவர். இன்ஜின் தட்டுகிற சத்தத்துக்கு அவருடைய இக்னிஷன்தான் காரணம் என்று பழி வந்தது. பழியைத் துடைக்க, 1916-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் பொறியாளரிடம் வேலையைக் கொடுத்தார். பனிக்குள்ளேயே பூக்கிற ஒரு செடிக்கு இலை சிவப்பாக இருப்பதை இருவரும் நினைத்தார்கள். சிவப்பு சூட்டை உறிஞ்சும். எரிபொருளைச் சிவப்பாக்கினால் சீக்கிரம் ஆவியாகிச் சத்தம் நிற்கும் என்பது அனுமானம். எண்ணெயில் கரைகிற சிவப்புச் சாயம் கைவசம் இல்லை. அயோடினைக் கலந்தார்கள். சத்தம் நின்றுவிட்டது.

அந்த இடத்தில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், சிவப்பு நிறம் சத்தத்தைப் போக்கும் என்பது இன்னும் கொஞ்ச நாள் உண்மையாக இருந்திருக்கும். மிட்ஜ்லி போகவில்லை. வேறு சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தார்; ஒன்றும் நடக்கவில்லை. நிறமில்லாத அயோடின் சேர்மத்தைப் போட்டார், சத்தம் நின்றது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் தர்க்கம் சொல்வதும் இதைத்தான்: இருக்கிற இடத்தில் இருப்பதைக் காட்டினால் போதாது, இல்லாத இடத்தில் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். எதிரே தெரிவது ஆவியா பனியா என்று சந்தேகமாக இருக்கும்போதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, நெருப்பு இருக்கிறது என்று முடிவுகட்டுவதை ஏதுப்போலிகளில் ஒன்றாக அது எண்ணுகிறது. டிசம்பர் காலையில் எங்கள் மலையடிவாரத்தைப் பார்த்தவனுக்கு அந்த உதாரணத்துக்கு உரை தேவைப்படாது.

அறிவுக்கு இவ்வளவு நேர்மையாக நடந்த ஆள், 1921 டிசம்பர் 9-ஆம் தேதி ஈயத்தில் போய் நின்றார். பெட்ரோலில் கொஞ்சம் டெட்ரா எத்தில் ஈயம் கலந்தால் சத்தம் அடியோடு போகிறது. 1923-இல் விற்பனைக்கு வந்தது. அதே வருஷம் ஈய விஷம் ஏறி மிட்ஜ்லியே ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. 1924-இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். இருந்தும் அதை நிரந்தரமாக நிறுத்தவில்லை. இந்தியாவில் ஈய பெட்ரோல் 2000-இல்தான் போனது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல். நடுவில் இருந்த அத்தனை வருஷமும் ஈயம் புகையாக வந்து ரோட்டோரக் குழந்தைகளின் ரத்தத்தில் இறங்கியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இன்ஜின் மட்டும் சத்தமில்லாமல் ஓடியது.

இப்போதைய கார்களில் ஈயம் இல்லை, கம்ப்யூட்டர் இருக்கிறது. பிளாக்கில் ஒரு சென்சார் ஒட்டிக்கொண்டு அந்த அதிர்வை மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்ட மாத்திரத்தில் டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்கு இழுத்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடும். நல்ல ஏற்பாடு, இன்ஜினைக் காப்பாற்றுகிறது, குறை சொல்லமாட்டேன். ஆனால் வாத்தியார் வண்டியிலும் அது இருந்தது. கரி சேரச் சேர அது பின்வாங்கிக்கொண்டே வந்து, பின்வாங்க இடமில்லாமல் போன பிறகுதான் நமக்குச் சத்தம் கேட்டது. ‘முன்னே மாதிரி வண்டி இழுக்கல தம்பி’ என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அளவைவாதியின் பட்டியலில் அபாவமும் ஓர் அளவை: ஒரு பொருள் ஓர் இடத்தில் இல்லை என்று அறிவது. சத்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதிலிருந்து கோளாறு இல்லை என்று தாண்டுவதற்குப் பாலம் கிடையாது.

இதெல்லாம் பேசி முடித்த ஒரு சாயங்காலம், வாத்தியார் பெரிய விஷயத்துக்கு வந்தார். ‘சத்தத்தைக் கேட்டுக் காரணம் உண்டுங்கறியே, உலகத்தைப் பார்த்து ஒரு கர்த்தா உண்டுன்னு சிவஞானபோதம் முதல் சூத்திரம் சொல்றதும் அதே வழிதானே?’

அதே வழி இல்லை என்றேன். காட்டில் சத்தம் கேட்டு யானை என்று அறிகிறவன், அதற்கு முன்னால் யானையைப் பார்த்திருக்கிறான், அதன் சத்தத்தையும் கேட்டிருக்கிறான். நான் ‘கிணுகிணு’ என்றதும் கரியைப் பற்றிப் பேசுவது, எத்தனையோ ஹெட்டைக் கழற்றிக் கரியைக் கையால் சுரண்டியதால். சந்தேகம் வந்தால் இன்றைக்கும் கழற்றிப் பார்க்கலாம். உலகம் உண்டாவதையும் அதை உண்டாக்குகிறவரையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர் யார்? எந்த ஹெட்டைக் கழற்றுவது? அதே மணிமேகலையில் பௌத்தர் காட்சி, கருதல் என்ற இரண்டு அளவையை மட்டும் ஏற்கிறார். அனுமானத்தை ஏற்றுக்கொண்டவருக்கு அதிலிருந்து கடவுள் வந்து சேரவில்லையே.

வாத்தியார் கோபப்படவில்லை. ‘அதனாலதான் சைவத்துக்கு மூணாவதா உரைன்னு, அதாவது ஆகமம்னு, ஒரு அளவை வேணும்’ என்றார். அது சரி. அப்படிச் சொல்லிவிட்டால் எனக்குத் தகராறே இல்லை. நானும் வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவன்தான். புது வண்டியை அங்கே கொண்டுபோய் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றாமல் எங்கள் ஊரில் யாரும் ரோட்டில் விடுவதில்லை. அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், போனேன். இதை நான் அனுமானம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

எனக்குத் தகராறு வேறு இடத்தில். ஒரு வீட்டில் குழந்தைக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை என்றால், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ‘போன ஜென்மத்துல என்ன பண்ணாங்களோ’ என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். இது அந்த கோவைப் பட்டறைக்காரர் எழுதிய எஸ்டிமேட்தான். பானட்டைத் திறக்கவில்லை, மேட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை, காரணம் மட்டும் தெரிந்துவிட்டது. ஈய பெட்ரோல் ஓடிய அத்தனை வருஷமும், ரோட்டோர வீடுகளில் படிப்பு ஏறாத பிள்ளைகளைப் பார்த்து எத்தனை பேர் தலையெழுத்து என்று சொல்லியிருப்பார்கள். காரணம் ஜன்னல் வழியாகப் புகையாக வந்துகொண்டிருந்தது.

இதை வாத்தியாரிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் வினைக் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ‘வினை உண்டு. ஆனா இன்னாருக்கு வந்த இந்தக் கஷ்டம் இன்ன வினையால வந்ததுன்னு கணக்குச் சொல்ற உரிமை உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அப்படிச் சொல்றவன் சைவனும் இல்ல’ என்றார். முதல் பாதியில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. இரண்டாம் பாதியை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது. கல்லாற்று மேட்டில் இரண்டாவது கியருக்கு மாற்றுங்கள் என்றால் மட்டும், பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்று இன்றைக்கும் வாதாடுகிறார். அதற்கு எந்த அளவை என்று கேட்டால், அனுபவம் என்கிறார்.